ஜூரி விடுவித்த குற்றத்துக்காகவும் தண்டனை கூடுமா?

பாலாற்றங்கரையான் கேட்கிறார்:

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நான்காம் ஆண்டில், 2023 இலையுதிர்காலத்தில், ஃபெடரல் (நடுவண் அரசின்) மாவட்ட நீதிமன்றம் ஒன்றிலிருந்து எனக்கு ஜூரி அழைப்பு வந்தது. நீதிமன்றத்தின் பெயரையும் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரையும் இங்கே எழுத விரும்பவில்லை. விசாரணை மூன்று வாரம் நடந்தது. எதிரியின் மீது மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன: போதைப்பொருள் விற்கக் கூட்டுச்சதி செய்தது, குறிப்பிட்ட ஒரு நாளில் சிறிதளவு விற்றது, அந்த வியாபாரத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தது. விற்பனையை ஒளிப்பதிவிலேயே பார்த்துவிட்டதால் அதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. துப்பாக்கியைப் பற்றி மட்டும் ஒன்றரை நாள் பேசினோம். அது கிடைத்த வீட்டில் நான்கு பேர் குடியிருந்தார்கள். அது எதிரியுடையதுதான் என்று சொன்ன ஒரே சாட்சி, தன் தண்டனையைக் குறைத்துக்கொள்ள அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டவர். கடைசியில் பன்னிரண்டு பேரும் ஒரே மனதாக, விற்பனையில் குற்றவாளி, கூட்டுச்சதியிலும் துப்பாக்கியிலும் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம்.

2024 கோடையில் உள்ளூர் நாளிதழில் தண்டனைச் செய்தியைப் படித்தேன். பதினோரு ஆண்டுகள். துப்பாக்கி எதிரியுடையது என்றும் அவர் பெரிய அளவில் விற்று வந்தார் என்றும் நம்புவதற்கே அதிகக் காரணம் இருப்பதாக நீதிபதி கூறி, அவற்றையும் சேர்த்துத் தண்டனையைக் கணக்கிட்டாராம். நாங்கள் "இல்லை" என்று சொன்ன இரண்டையும் அவர் "ஆம்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில் நீதிமன்றம் என்றால் நீதிபதி ஒருவரே எல்லாவற்றையும் கேட்டு ஒருவரே முடிவு செய்வார். அது ஒரு முறை. இங்கே சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேரை வேலையிலிருந்து அழைத்து மூன்று வாரம் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் சொன்னதில் பாதியை ஓரமாக வைப்பது எந்த முறை? இது சட்டப்படி சரிதானா, இன்றும் இப்படித்தான் நடக்கிறதா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

தென்கரைத் தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

வழக்கறிஞர் அமர்த்த வசதியற்றவர்களுக்காக நீதிமன்றமே நியமிக்கும் பட்டியலில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் படித்தது விதிவிலக்கான நிகழ்ச்சி அன்று. தண்டனை விதிக்கப்பட்ட நாளன்று அது சட்டப்படி செல்லுபடியானதுதான். அதற்குச் சில மாதங்களிலேயே விதி மாறிவிட்டது என்பதுதான் இதிலுள்ள கசப்பு. மாற்றத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஃபெடரல் குற்ற வழக்கு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும், முடிவு ஜூரியுடையது. தண்டனைக் கட்டத்தில் ஜூரி கிடையாது. சாட்சிய விதிகளும் பெரும்பாலும் கிடையாது. நன்னடத்தை அதிகாரி ஒருவர் எதிரியின் வாழ்க்கையையும் குற்றத்தின் பின்னணியையும் ஆராய்ந்து அறிக்கை தருகிறார். அதில் பிறர் சொல்லக் கேட்ட செய்திகளும் இடம்பெறலாம். அறிக்கையில் உள்ள ஒரு செய்தியை எதிர்த்தரப்பு மறுத்தால், அது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். தராசின் ஒரு தட்டு இறகளவு தாழ்ந்தாலும் சரி என்பதே அந்த அளவுகோல். நீங்கள் ஒன்றரை நாள் பிடித்து உலுக்கிப் பார்த்த அந்தச் சாட்சியின் சொல், முதற்கட்டத்தில் போதாமல் போய், இரண்டாம் கட்டத்தில் போதுமானதாகிவிடுவது இப்படித்தான்.

இதன் வேர் பழையது. 1949ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் எதிர் நியூயார்க் வழக்கில், ஆயுள் தண்டனை போதும் என்று ஜூரி பரிந்துரைத்தும், வழக்கே தொடரப்படாத திருட்டுகளைப் பற்றி அறிக்கையில் படித்த நீதிபதி மரண தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தண்டனை பெறுபவரின் பின்னணி, குணம், நடத்தை பற்றி நீதிமன்றம் பெறும் செய்திக்கு எந்த வரம்பும் இல்லை என்று 1970இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. இப்போது அது ஃபெடரல் சட்டத் தொகுப்பின் பதினெட்டாம் தலைப்பில் 3661ஆம் பிரிவு.

அந்தக் காலத்தில் இதன் தீங்கு வெளியே தெரியவில்லை. நீதிபதி எதைக் கருதி எத்தனை ஆண்டு கொடுத்தார் என்பது அவர் மனத்துக்குள்ளேயே இருந்தது. பரோல் குழு ஒன்றும் பின்னால் இருந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் பரோலை ஒழித்து, தண்டனை ஆணையம் ஒன்றை அமைத்தது. 1987 நவம்பர் முதல் அதன் வழிகாட்டு நெறிகள் நடைமுறைக்கு வந்தன. குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், முற்குற்ற வரலாற்றுக்கு 6 வகைகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று எழுதியிருக்கும். அந்தப் படியைக் கணக்கிடும்போது, தண்டிக்கப்பட்ட குற்றத்தை மட்டும் பார்க்காமல் அதோடு "தொடர்புடைய செயல்" அனைத்தையும் சேர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மனத்துக்குள் இருந்த வழக்கம் அன்றுமுதல் கூட்டல் கணக்காகிவிட்டது.

உங்கள் வழக்கின் தாள்களை நான் பார்த்ததில்லை. பொதுவாகச் சொன்னால், போதைப்பொருள் வழக்கில் துப்பாக்கி இருந்ததாக நீதிபதி கருதினால் 2 படிகள் கூடும். முற்குற்றம் இல்லாதவருக்கு 26ஆம் படியில் 63 முதல் 78 மாதம். 28ஆம் படியில் 78 முதல் 97 மாதம். போதைப்பொருளின் எடையால் வரும் விளைவு இதைவிடக் கொடியது. சிறிய விற்பனை என்று 16ஆம் படியில் நிற்க வேண்டியவருக்கு 21 முதல் 27 மாதம். பெரிய அளவு என்று கருதி 32ஆம் படிக்கு ஏற்றிவிட்டால் 121 முதல் 151 மாதம். பதினோரு ஆண்டு என்பது 132 மாதம். எது உங்கள் எதிரியை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்கக்கூடும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

விடுவிக்கப்பட்ட செயலையும் இப்படிச் சேர்க்கலாமா என்ற கேள்வி 1997 ஜனவரியில் வாட்ஸ் வழக்கில் வந்தது. அடுக்களை அலமாரியில் கொக்கெய்ன், படுக்கையறை அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள். ஜூரி முதலாவதில் தண்டித்தது, துப்பாக்கிக் குற்றச்சாட்டில் விடுவித்தது. உங்கள் வழக்கின் அண்ணன் என்றே சொல்லலாம். விடுதலை என்பது "செய்யவில்லை" என்ற முடிவு அன்று, "அந்த அளவுகோலின்படி மெய்ப்பிக்கப்படவில்லை" என்ற முடிவு மட்டுமே. ஆகவே தாழ்ந்த அளவுகோலைக் கொண்டு நீதிபதி அதையே மறுபடி ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்வழி வாதம்கூடக் கேட்காமல் தரப்பட்ட தீர்ப்பு அது. நீதிபதிகள் ஸ்டீவன்ஸும் கென்னடியும் மட்டும் உடன்படவில்லை.

பழைய அரசு வழக்கறிஞர் எழுதுகிறார்:

தமிழ்ச்செல்வி அம்மையார் சொன்ன வரலாற்றில் பிழை இல்லை. ஆனால் இதை ஏதோ மோசடி போலப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. மாநில நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் நின்றவன் நான். என் சார்பு எங்கே இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு அளவுகோல்கள் இரண்டு முடிவுகளைத் தருவது இந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிதன்று. புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனை 1995இல் இரட்டைக் கொலைக் குற்ற வழக்கின் ஜூரி விடுவித்தது. 1997 பிப்ரவரியில், வாட்ஸ் தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், உரிமையியல் வழக்கின் ஜூரி அதே மரணங்களுக்கு அவரைப் பொறுப்பாக்கியது. முதல் ஜூரியை இரண்டாம் ஜூரி அவமதித்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. மேலும், ஜூரியின் விடுதலை எப்போதும் ஆய்ந்து எடுத்த முடிவாக இருப்பதில்லை. பாலாற்றங்கரையான் அவர்களின் அறையில் ஒன்றரை நாள் விவாதம் நடந்தது. வேறு அறைகளில் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக "இதில் தண்டிப்போம், அதில் விட்டுவிடுவோம்" என்று பேரம் பேசி முடிப்பதும் உண்டு.

இன்னொன்றையும் கேட்கிறேன். குற்றம் சாட்டப்படாத செயலை நீதிபதி கணக்கில் சேர்க்கலாம். அரசுத் தரப்பு கைவிட்ட குற்றச்சாட்டையும் சேர்க்கலாம். விடுவிக்கப்பட்டதை மட்டும் சேர்க்கக் கூடாது என்றால், ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து மெய்ப்பிக்க முயன்ற அரசு வழக்கறிஞர் தோற்கிறார். முயலாமல் அறிக்கையில் எழுத வைத்தவர் வெல்கிறார். இந்த முரணைத் தீர்க்காமல் ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பதால் நேர்மை கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தென்கரைத் தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

ஐயா கடைசியாகக் கேட்டது சரியான கேள்வி; அதற்கு இறுதியில் வருகிறேன். ஆனால் சிம்ப்சன் வழக்கு இங்கே பொருந்தாது. உரிமையியல் வழக்கில் போவது பணம். அங்கேயும் பொறுப்பை முடிவுசெய்தது இன்னொரு ஜூரி. இங்கே போவது ஒரு மனிதரின் ஆண்டுகள். அதை முடிவுசெய்வது, முதல் ஜூரியின் முடிவைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த அதே நீதிபதி.

வாட்ஸ் வழக்கில் வெறும் 2 படிகள் என்று நினைத்து விட்டுவிட முடியாமல் போனதற்குக் காரணம், பின்னால் வந்த வழக்குகள். தலைநகர் வாஷிங்டனில் பால், ஜோன்ஸ், தர்ஸ்டன் என்ற மூவர் மீது பெரிய போதைப்பொருள் கூட்டுச்சதி வழக்கு நடந்தது. பல மாதங்கள் சாட்சிகளைக் கேட்ட ஜூரி 2007இல் அவர்களைக் கூட்டுச்சதியிலிருந்து விடுவித்து, சிறு விற்பனைகளில் மட்டும் தண்டித்தது. பால் தண்டிக்கப்பட்டது 600 டாலருக்கு நடந்த ஒரே ஒரு விற்பனைக்காக. நீதிபதியோ கூட்டுச்சதி இருந்தது என்று தாமே முடிவுசெய்து, அவருக்கு 225 மாதங்களும், ஜோன்ஸுக்கு 180 மாதங்களும், தர்ஸ்டனுக்கு 194 மாதங்களும் விதித்தார். தண்டிக்கப்பட்ட விற்பனைகளை மட்டும் கணக்கிட்டிருந்தால் 27 முதல் 71 மாதங்களுக்குள் முடிந்திருக்கும் என்பது மேல்முறையீட்டில் அவர்களின் வாதம்.

பாலாற்றங்கரையான் அவர்களே, உங்களுக்கு முன்பே உங்கள் கேள்வியைக் கேட்டவர் அந்த ஜூரியில் ஒருவர். ஆறாம் எண் இருக்கையில் அமர்ந்திருந்த அவர், தாங்கள் எடுத்த முடிவு மதிக்கப்படவில்லையே என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி மைரன் பிரைட், 2008இல் வேறொரு வழக்கில் தனிக்கருத்து எழுதியபோது அந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டினார். சட்ட அறிஞர்களின் கட்டுரைகளைவிட அந்த ஒரு கடிதம் நெடுந்தூரம் போயிருக்கிறது.

2014இல் அந்த மூவரின் மனு உச்ச நீதிமன்றம் வந்தபோது அது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. நீதிபதி ஸ்காலியா அதை எதிர்த்து எழுத, நீதிபதிகள் தாமஸும் கின்ஸ்பர்க்கும் சேர்ந்துகொண்டார்கள். இந்த மூவரும் ஓரணியில் நிற்பது அரிது என்பது நீதிமன்றச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இது நீண்ட காலமாக நடந்துவிட்டது, போதும் என்ற பொருளில் எழுதினார் ஸ்காலியா. அதே ஸ்காலியாதான் 1997இல் வாட்ஸ் தீர்ப்போடு உடன்பட்டவர். விடுவிக்கப்பட்ட செயலை விலக்கும் அதிகாரம் ஆணையத்துக்கே கிடையாது என்றுகூட அன்று தனியாக எழுதியவர். அதே வழக்கில் நீதிபதி பிரையர், ஆணையம் விரும்பினால் இதை மாற்றலாம் என்று எழுதினார். பின்னால் நடந்தது பிரையர் காட்டிய வழியில்தான். அதற்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் 2005இல் உச்ச நீதிமன்றத்தின் புக்கர் தீர்ப்பு வந்தது. ஜூரி ஏற்ற அளவு 92.5 கிராம் கிராக் கொக்கெய்ன். நீதிபதி தாமாகச் சேர்த்தது மேலும் 566 கிராம். ஜூரி ஏற்ற உண்மைகளின்படி அதிகபட்சமாக 21 ஆண்டு 10 மாதம் கிடைத்திருக்க வேண்டியவருக்கு 30 ஆண்டுகள் கிடைத்தன. இப்படிக் கட்டாயமாகத் தண்டனையைக் கூட்டுவது ஜூரி உரிமைக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் கண்டுபிடித்த மருந்து வினோதமானது: நெறிகள் இனிக் கட்டாயம் இல்லை, வெறும் வழிகாட்டுதலே என்று அறிவித்துவிட்டது. கட்டாயம் போனதால் உரிமை மீறலும் போய்விட்டதாம். நீதிபதி செய்யும் கூட்டல் மட்டும் அப்படியே நின்றது.

2023இல் மெக்ளின்டன் வழக்கு வந்தது. இண்டியானாபொலிஸ் நகரில் மருந்துக்கடை ஒன்றைக் கொள்ளையடித்தவர்களில் ஒருவர் அவர்; அப்போது வயது 17. கொள்ளையில் ஜூரி தண்டித்தது. கொள்ளைக்குப் பின் கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்ட குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சுட்டவர் அவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கருதிய நீதிபதி 19 ஆண்டுகள் விதித்தார். உச்ச நீதிமன்றம் இதையும் எடுக்க மறுத்தது. ஆனால் தண்டனை ஆணையம் இதைக் கையில் எடுத்திருப்பதால் காத்திருப்பதாக நீதிபதி கவனோவும் உடன் இருவரும் எழுதினார்கள். ஆணையம் செயல்படாவிட்டால் நீதிமன்றம் தலையிட நேரும் என்று நீதிபதி சோட்டோமேயர் எழுதினார். 2019 தொடக்கத்திலிருந்து 2022 ஆகஸ்ட் வரை போதிய உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையமே முடங்கிக் கிடந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2024 ஏப்ரலில் ஆணையம் ஒரே மனதாக வாக்களித்தது. குற்றவாளி அல்ல என்றால் குற்றவாளி அல்ல என்றுதான் பொருள் என்றார் அதன் தலைவர், மிசிசிப்பி மாவட்ட நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ். ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்ட செயல் இனி "தொடர்புடைய செயல்" ஆகாது என்னும் விதி 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பாலாற்றங்கரையான் எழுதுகிறார்:

அப்படியானால் ஏப்ரலில் வாக்களித்தாகிவிட்டது, நவம்பரில் விதி வரப்போகிறது, இடையில் கோடையில் அந்த மனிதருக்குத் தண்டனை. தீர்ப்பை ஆறு மாதம் தள்ளி வைத்திருந்தாலே போதும் போலிருக்கிறதே. இப்போதாவது அவருக்கு ஏதும் செய்ய முடியுமா? எத்தனை பேர் இப்படி உள்ளே இருக்கிறார்கள்?

தென்கரைத் தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

தண்டனை விதிக்கப்படும் நாளில் எந்த நெறிநூல் நடைமுறையில் இருக்கிறதோ அதுவே பொருந்தும் என்பது பொது விதி. நெறி திருத்தம் எதையும் முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; போதைப்பொருள் அளவுகள் குறைக்கப்பட்ட 2014ஆம் ஆண்டில் அவ்வாறே செய்தது. இந்தத் திருத்தத்துக்கு அப்படிச் செய்யவில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அவருடைய வழக்கறிஞர் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி வாதிடலாம். நேரடியான கதவு ஏதும் இல்லை.

எத்தனை பேர் என்ற கேள்விக்கான விடை உங்களுக்கு வியப்பூட்டக்கூடும். 2022ஆம் நிதியாண்டில் ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் 64,142 பேர் என்றும், அவர்களில் விசாரணை நடந்து தண்டிக்கப்பட்டவர்கள் 1,613 பேர்தான் என்றும், அந்த 1,613 பேரில் குறைந்தது ஒரு குற்றச்சாட்டிலாவது விடுவிக்கப்பட்டவர்களோ சிறிய குற்றத்தில் மட்டும் தண்டிக்கப்பட்டவர்களோ 286 பேர் என்றும் ஆணையமே கணக்கிட்டிருக்கிறது. மொத்தத்தில் 0.4 விழுக்காடு.

பழைய அரசு வழக்கறிஞர் எழுதுகிறார்:

அந்த 286 என்ற எண்ணைக் காட்டித்தான், இத்தனை சிறிய சிக்கலுக்கு இத்தனை ஆரவாரமா என்று நான் முன்பு நண்பர்களிடம் வாதிட்டதுண்டு. தவறான வாதம் என்று இப்போது நினைக்கிறேன். அதை இங்கே சொல்லிவிடுவதே நேர்மை.

காரணம் அதற்கு மேலே உள்ள எண்ணில் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். குற்ற நீதி இன்று பெரும்பாலும் ஒப்புதல்களின் முறையே அன்றி விசாரணைகளின் முறை அன்று என்று 2012இல் லாஃப்லர் வழக்கில் நீதிபதி கென்னடி எழுதியது இதைத்தான். ஒப்புக்கொண்டால், பொறுப்பேற்றதற்காகப் பொதுவாக 2 படிகளும், 16ஆம் படியிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இன்னொரு படியும் குறையும். ஒப்புக்கொள்ளாமல் விசாரணைக்குப் போகிறவர் அந்த 3 படிகளையும் பணயம் வைக்கிறார். அதற்கு மேல், ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கில் வென்றாலும் ஐந்தின் தண்டனையும் கிடைக்கக்கூடும் என்று அவருடைய வழக்கறிஞர் மனச்சாட்சிப்படி எச்சரிக்க வேண்டியிருந்தது. தோற்றாலும் நட்டமில்லாத குற்றச்சாட்டை அரசுத் தரப்பு ஏன் சேர்க்காமல் விடும்? நான் அந்த நாற்காலியில் இருந்தவன். மெலிந்த குற்றச்சாட்டையும் பட்டியலில் சேர்க்கும் கை எப்படி நீளும் என்று எனக்குத் தெரியும். விதியின் எடை அந்த 286 பேர் மீது மட்டும் இறங்கவில்லை. பேரம் நடந்த அறைகளில் எல்லாம், யாரும் எண்ணாத இடத்தில் இறங்கியது.

ஆனால் என் பழைய கேள்விக்கு அம்மையார் இன்னும் விடை தரவில்லை.

தென்கரைத் தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

இப்போது தருகிறேன். திருத்தம் ஒரு வாசலை அடைத்தது. வீட்டுக்கு வேறு வாசல்கள் உண்டு என்று ஐயா சொன்னது உண்மைதான்.

முதலாவது, தண்டிக்கப்பட்ட குற்றத்தையே ஓரளவேனும் நிறுவும் செயலாக இருந்தால், விடுதலை கிடைத்திருந்தாலும் அதைச் சேர்க்கலாம் என்று திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. கூட்டுச்சதியில் விடுதலை, அதன் பகுதியான ஒரு விற்பனையில் தண்டனை என்றால் எது எதை நிறுவுகிறது என்பதைப் பிரிப்பது எளிதன்று. அதை அந்தந்த நீதிபதியிடம் விட்டுவிட்டார்கள். துப்பாக்கி போன்ற தனித்த செயலில் இந்தக் குழப்பம் குறைவு. இரண்டாவது, மாநில நீதிமன்றம் தந்த விடுதலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனி இறைமைகள், ஒன்றில் விசாரிக்கப்பட்டவரை மற்றொன்று மீண்டும் விசாரிக்கலாம் என்று 2019இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கோட்பாட்டின் நிழல் அது. மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது: திருத்தம் நெறிகளின் கூட்டலை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கூட்டலை முடித்த பின், சட்டம் பட்டியலிடும் பொதுக் காரணிகளைக் கருதி நீதிபதி வரம்பைத் தாண்டிப் போகலாம். 3661ஆம் பிரிவு அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. 2025 நவம்பரில் ஆணையம் நெறிநூலிலிருந்த விலகல் விதிகளில் (வரம்பிலிருந்து எப்போது விலகலாம் என்று சொன்னவை) பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டதால், கணக்குக்குப் பின் நீதிபதியின் தீர்மானத்துக்கு முன்பைவிட இடம் கூடியிருக்கிறது. அந்தத் தீர்மானம் இரக்கத்தின் பக்கமும் சாயலாம், இந்தப் பக்கமும் சாயலாம்.

சாட்டப்படாத குற்றத்தைப் பற்றிய உங்கள் முரண் அப்படியே இருக்கிறது, ஐயா. மெலிந்த குற்றச்சாட்டைச் சேர்த்தால் விடுதலை கிடைத்து விலக்கப்பட்டுவிடும் என்பதால், அதைச் சாட்டாமலேயே அறிக்கைக்குள் நுழைக்கும் முயற்சி நடக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: சாட்டாத குற்றத்தைக் காட்டி ஒப்புதல் பேரத்தில் மிரட்ட முடியாது. நீங்கள் சொன்ன அந்த நீளும் கைக்கு இது சிறிய தடையாவது ஆகும்.

நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தினால் இந்த வாசல்களில் பெரும்பாலானவை அடைபடும். டர்பின், கிராஸ்லி என்ற இரு கட்சி செனட்டர்கள் முன்னெடுத்த முயற்சி 2022 மார்ச்சில் கீழவையில் 405க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. மாநிலங்களில் சில இதில் முந்திவிட்டன. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2019இலும், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2021இலும், விடுவிக்கப்பட்ட செயலைத் தண்டனைக்குப் பயன்படுத்துவதைத் தங்கள் நீதிமன்றங்களில் தடுத்துவிட்டன. ஒரே தெருவின் இரு பக்கமும் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கும் ஊர்கள் அங்கே உண்டு. ஜூரியின் "இல்லை" தெருவைக் கடந்தால் பொருள் மாறுகிறது.

பாலாற்றங்கரையான் எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மாலைப் பேரத்தைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது முதலில் சினம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் அறையிலும் கூட்டுச்சதிக் குற்றச்சாட்டில் கடைசி இருவர் அப்படித்தான் இணங்கினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. துப்பாக்கியில் அப்படி இல்லை. அது எங்கே கிடந்தது, அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது என்று பலகையில் படம் வரைந்து பார்த்தோம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆறாம் எண் ஜூரியைப் போல நானும் எழுதலாமா, அல்லது எங்கள் அறையில் பேசியதை வெளியே சொல்வது தவறாகுமா?

தென்கரைத் தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜூரி பொதுவாகத் தன் அனுபவத்தைப் பேசலாம். ஆனால் சில மாவட்டங்களில் அதற்கு உள்ளூர் விதிகள் உண்டு. உங்கள் நீதிபதி இறுதியில் ஏதேனும் அறிவுறுத்தியிருந்தால் அதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். உடன் இருந்தவர்களில் யார் என்ன சொன்னார் என்பதைத் தவிர்த்துவிட்டு, நீங்கள் எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அந்த மனிதரின் தண்டனை உங்கள் கடிதத்தால் மாறாது. ஆனால் தண்டனை ஆணையம் ஆண்டுதோறும் திருத்த வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. நீதிபதிகளும் அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் எழுதும் அந்தக் கோப்பில் ஜூரிகளின் கடிதம் மிகக் குறைவு. நீதிபதிக்கு ஒரு பிரதி, ஆணையத்துக்கு ஒரு பிரதி என்று அனுப்புங்கள். பலகையில் வரைந்த அந்தப் படத்தைப் பற்றி எழுத மறந்துவிடாதீர்கள்.